தோளில் ஏறிய கடல்

கூழையாற்றங்கரையில் வேலிமங்கலம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றரைக் காதம், அவ்வளவும் பனங்காடும் சேறும். ஊரில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கடல் என்றால் பயப்படாத ஆள் ஒருத்தர் கிடையாது, ஏனென்றால் அமாவாசைக்கு அமாவாசை கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறும்போது, அந்த ஏறுதண்ணீரின் முதுகில் குந்திக்கொண்டு தீவார் வந்துவிடுவார்கள்.

தீவார் என்றால் சங்குத்தீவுக்காரர்கள். எல்லா அமாவாசைக்கும் வரமாட்டார்கள், எந்த அமாவாசைக்கு வருவார்கள் என்பதும் தெரியாது. வந்தால் நெல்லை அள்ளுவார்கள், மாட்டைப் படகில் ஏற்றுவார்கள், வைக்கோற்போருக்குத் தீ வைப்பார்கள், எதிரே வந்தவனைக் குத்திப் போடுவார்கள், தண்ணீர் இறங்குவதற்கு முன்னால் போயே போய்விடுவார்கள். வேலிமங்கலத்தார் ஒன்றும் வளையல் போட்ட கைக்காரர்கள் இல்லை. வேலும் கவணும் வளரியும் வீட்டுக்கு வீடு கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடுவதற்குள் படகு வளைவைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படி ஓர் அமாவாசையில், உலகம்மாளின் இளைய பிள்ளை, நாலு வயசுக் கொம்பையாவை, நெல்மூட்டையோடு மூட்டையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கிப் போனவன் அவனை விற்கவுமில்லை, அடிமையாக வைக்கவுமில்லை. பிள்ளையில்லாத தன் பெண்சாதி மடியில் போட்டான். அவள் அவனுக்குத் திரையன் என்று பேர் வைத்தாள். அவன் வந்த ராசியோ என்னவோ அடுத்த வருஷம் அவள் வயிற்றிலும் ஒன்று பிறந்தது, அதற்கு நுரையன் என்று பேர் வைத்தாள். இரண்டையும் ஒரே அலையில் முக்கிக் குளிப்பாட்டி, ஒரே சட்டியில் சோறு போட்டு, இரண்டு துடுப்பு கொடுத்து ஆளாக்கினாள்.

இருபது வருஷம் கழித்து இன்னோர் அமாவாசையில், அந்தத் திரையன் முதல் படகின் அணிய முனையில் வேலோடு நின்றுகொண்டு வேலிமங்கலத்துக்கு வந்தான். அது தான் பிறந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. கரையில் நின்றவர்களில் ஒருத்தன் குறி பார்த்து எறிந்த வேல் அவன் இடது தோளில் இறங்கியது. அவன் சேற்றில் விழுந்தான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததால் படகுகள் நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் அவனைப் புரட்டிப் போட்டுக் கழுத்தில் மிதித்தபோது, ஒரு கிழவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவன் முழங்காலுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்து, "ஐயோ மிதிக்காதீங்கடா, அது நான் வடிச்ச கஞ்சில வெந்த காலுடா!" என்று அலறினாள். அவள்தான் உலகம்மாள். வேலை எறிந்தவன் மாசானம், அவளுடைய மூத்த பிள்ளை.

வேலைப் பிடுங்கினார்கள். ரத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது, தெளிந்த, பச்சைச் சாயல் அடித்த, கொஞ்சம் நுரை கட்டின தண்ணீர். மாசானம் முகத்தில் தெறித்ததை அவன் நாக்கால் நக்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் நக்கிப் பார்த்து, "கடல்லா இது!" என்றான்.

அந்தப் புண் ஆறவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கடல் ஏறும் நேரம் அது நிரம்பி வழியும். கடல் வற்றும் நேரம் அதுவும் வற்றி, அடியில் கொஞ்சம் ஈர மணல் தெரியும். வைத்தியர் ஏழு நாள் பச்சிலை வைத்துக் கட்டினார், எட்டாம் நாள் பச்சிலையோடு ஒரு நண்டுக் குஞ்சும் வெளியே வந்தது, "இதுக்கு மேல எனக்குப் பாடம் இல்ல" என்று பெட்டியை மூடிவிட்டார். கோயில் பூசாரி, இது தீட்டா இல்லையா என்று மூன்று நாள் யோசித்து, வழியும்போது கோயிலுக்குள் வரவேண்டாம், வற்றினபோது வரலாம் என்று தீர்த்துச் சொன்னார். ஆடுகள் அவனைக் கண்டால் தோளை நக்க ஓடிவந்தன. உலகம்மாள் வீட்டுப் பூனை, எப்போதாவது ஒரு நெத்திலி விழும் என்று அவன் காலடியை விட்டு நகரவில்லை.

பக்கத்து வீட்டு மாடத்திதான் முதலில் ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவன் தோளுக்குக் கீழே வைத்தாள். "சும்மா மண்ணுக்குத்தானே போவுது" என்றாள். காய்ச்சினாள். அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. அவள் அதில் மாங்காய் ஊறப்போட்டு, ஊருக்கெல்லாம் ஒரு துண்டு கொடுத்தாள், அதோடு முடிந்தது கதை. காலைத் தண்ணீர் கீழத்தெருவுக்கு, மாலைத் தண்ணீர் மேலத்தெருவுக்கு என்று முறை வைத்தார்கள். மேலத்தெருக்காரிகள் காலைத் தண்ணீர்தான் கரிப்பு கூடுதல் என்று சண்டை போட்டு முறையை மாற்றினார்கள். நாற்பது வீட்டுக்கும் அது தட்டில்லாமல் போதுமாக இருந்தது. மாதாமாதம் பொதிமாட்டோடு வரும் உப்பு வியாபாரி இரண்டு தடவை வந்து, கூவிப் பார்த்து, மூன்றாம் தடவை வரவில்லை.

நாட்டாமை வெள்ளையப்பனுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஏனென்றால் அந்த ஊரில் உப்புக்கட்டு என்று ஒரு வழக்கம். ஒருத்தன் உப்பை ஒரு மண்டலம் தின்றவன், அவன் மேலேயும் சரி, அவன் யாருக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து நிற்கிறானோ அவர்கள் மேலேயும் சரி, ஆயுதம் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்த வீட்டு அடுப்பை ஊரே வந்து இடித்துப் போடும், அப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள். நாட்டாமையின் பாட்டனார் அடைமழைக்கு ஒரு மாட்டுத் திருடன் வீட்டில் ஒதுங்கி ஒரு மண்டலம் சாப்பிட்டுவிட்டு, பின்னால் அதே திருடன் அவருடைய தொழுவத்து மாட்டையே அவிழ்த்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் அதில் பெருமை.

ஆகவே நாட்டாமை கூட்டம் போட்டு யோசித்தார். யோசித்து, "தோள் யாரு தோள்? நம்ம பயல் தோள். அப்ப உப்பும் நம்ம உப்பு. நம்ம உப்பை நாம திங்கிறதுக்கு என்னலே கட்டு?" என்றார். அப்போது எல்லாரும் வாயில் மாங்காயை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

மாசானம் மட்டும் அதைத் தொடவில்லை. வெளி உப்பும் வாங்கவில்லை. "எனக்கு உப்பு வேண்டாம் ஆத்தா, நாக்கு செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டான். உலகம்மாள் அன்றிலிருந்து இரண்டு சட்டி வைத்தாள், ஒன்று உப்புப் போட்டது, ஒன்று சப்பென்று இருப்பது. அண்ணன்காரன் அந்தச் சப்புக் கூழைத் தலை குனிந்து தின்பதைக் கொம்பையா எதிரே உட்கார்ந்து பார்ப்பான். எறிந்த வேல் நெஞ்சில் படாமல் போயிற்றே என்ற கோபம் என்று நினைத்துக்கொள்வான். ஒரு வருஷமாக இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஊருக்கும் அவன் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அவன் தோளைக் காய்ச்சித் தின்றார்களே தவிர, அவன் கையில் ஒரு கம்பு கொடுக்கவில்லை. "தீவான் சோறு இருபது வருஷம் தின்ன உடம்பு" என்பார்கள், அவன் காதில் விழும்படியாகவே. யாராவது நேருக்கு நேர், "ஏலே, நாளைக்கு அவனுவ வந்தா நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அவன் குடம் நிரம்பிவிட்டதா என்று குனிந்து பார்ப்பான்.

ஒரு தை அமாவாசை அன்று, புண் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அதற்குள் தண்ணீர் கோடு கோடாகக் கலங்கியது, யாரோ துடுப்புப் போடுகிற மாதிரி. அவன் யோசிக்காமல், "தண்ணி கலங்குது" என்று சொல்லிவிட்டான். நாட்டாமை ஓடிவந்து பார்த்தார், மாட்டைக் காட்டுக்கு ஓட்டச் சொன்னார், நெல்லைப் புதைக்கச் சொன்னார். இரண்டு நாழிகை கழித்துத் தீவார் வந்தார்கள், காலித் தொழுவத்தைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்கள். ஊர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அவன் மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. தன் உடம்பு தன்னைக் கேட்காமல் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டதே என்று அவனுக்கு இருந்தது.

அதற்கப்புறம் ஊருக்குத் தைரியம் வந்தது, தைரியம் வந்ததும் ஆசை வந்தது. ஒளிந்தது போதும், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றார் நாட்டாமை. இருபது பனந்தடியைக் கயிற்றால் பிணைத்து, வளைவில் இரண்டு கரையிலும் கட்டித் தொங்கவிட்டார்கள். படகெல்லாம் உள்ளே வந்ததும் கயிற்றை வெட்டினால் தடி ஆற்றுக்குக் குறுக்கே விழும், பின்வாங்க வழியிருக்காது. தண்ணீர் வற்றும். படகு சேற்றில் உட்காரும். மேட்டில் நின்று நிதானமாகக் கொல்லலாம். இனி வேண்டியது நேரம் ஒன்றுதான், அது கொம்பையாவின் தோளில் இருந்தது.

ஆடி அமாவாசை. காலை வெயில். அவன் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் இருந்தான், உலகம்மாள் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். புண் நிரம்பியது. அப்புறம் கலங்கியது. தை மாதம் கலங்கினது போல இல்லை. பன்னிரண்டு கோடு, அவன் எண்ணினான். அதில் முதல் கோட்டில் மூன்று இழுப்புக்கு ஒரு நொண்டல் இருந்தது. அந்த நொண்டல் உலகத்தில் ஒருத்தன் துடுப்புக்குத்தான் உண்டு. சின்ன வயசில் மல்லுக்கட்டும்போது திரையன் ஒடித்த முழங்கை, கோணலாகக் கூடின நுரையனின் இடது முழங்கை.

அவன் துண்டை எடுத்துத் தோளை மூடினான்.

படகு வர இரண்டு நாழிகை இருந்தது. தெருவில் மாடத்தி யாரையோ திட்டிக்கொண்டே நெல் குத்திக்கொண்டிருந்தாள், உலக்கைச் சத்தம் இங்கே கேட்டது. சொல்லாமல் இருந்தால் அந்த உலக்கைச் சத்தம் நின்றுவிடும். சொன்னால் அந்த நொண்டல் நின்றுவிடும். துண்டு நனைந்து, நனைந்த துண்டிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி மண்ணில் சொட்ட ஆரம்பித்தது.

"எய்யா, துணி நனையுதே" என்றாள் உலகம்மாள், வாசலுக்கு வந்து.

"வேர்வை ஆத்தா."

"வேர்வைக்கு நெத்திலி வாசமா வரும்?"

அவள் புளிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

"உனக்குத் தெரிஞ்சவுகளா வாராவ?"

"தம்பி வாரான்."

உலகம்மாள் ஆற்றுப்பக்கம் பார்த்தாள். "நான் போய்ச் சொல்லமாட்டேன்" என்றாள். "பெத்தவ பேச்சைக் கேட்டு நீ ஒரு பக்கம் போனா, வளத்தவ என்னையச் சபிப்பா. அவ சபிச்சா பலிக்கும், இருபது வருசம் உனக்குச் சோறு போட்டவ. நீயே பாத்துக்க. எனக்குக் கொழம்பு கெடக்கு." உள்ளே போய்விட்டாள். சட்டி வைக்கிற சத்தம் கேட்டது, ஒன்று, அப்புறம் இன்னொன்று.

அவன் எழுந்து நாட்டாமை வீட்டுக்கு நடந்தான்.

"நுழைஞ்சாச்சு. பன்னெண்டு படகு" என்றான்.

நாட்டாமை அவன் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரமும் எங்கலே இருந்த? துணியெல்லாம் சொட்டுது."

"சொல்லிட்டேன்லா" என்றான் அவன்.

அதற்குமேல் பேச நேரமில்லை. பெண்கள் காட்டுக்கு ஓட மறுத்து மேட்டில் கல் குவித்தார்கள், ஆண்கள் எரவாணத்தைக் காலி செய்துகொண்டு வந்தார்கள், மாசானம் தன் வளரியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றான். அந்த ஊரில் வளரிக்கு மாசானம், அறுபது எட்டில் ஓடும் முயலை விழத்தட்டுவான். படகுகள் வந்தன. பன்னிரண்டும் வளைவு தாண்டின. கயிறு வெட்டுப்பட்டது, பனந்தடி இடி மாதிரி விழுந்தது, தண்ணீர் எழும்பி அடங்கியது. தீவார் திரும்பிப் பார்த்தார்கள், கத்தினார்கள், தடியை வெட்டப் பார்த்தார்கள். மேட்டிலிருந்து கவண்கல் வந்ததும் படகுக்குள் பதுங்கினார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் காத்திருந்தது. தண்ணீர் இறங்கியது, கொம்பையாவின் தோளிலும் இறங்கியது, படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தன.

நாட்டாமை எறியச் சொல்லிக் கையைத் தூக்கின நேரத்தில், கொம்பையா வெறுங்கையோடு மேட்டிலிருந்து இறங்கி, முழங்கால் சேற்றில் மிதித்து மிதித்து நடந்துபோய், முதல் படகின் முன்னால் ஊரைப் பார்த்து நின்றான்.

படகிலிருந்து ஒருத்தன், "இவன்தான்! இந்தப் பயல்தான் நம்மளக் காட்டிக் குடுத்தது!" என்று கத்தினான்.

"ஆமா, நான்தான்" என்றான் கொம்பையா, திரும்பாமல்.

முதுகில் ஒரு வேல்முனை வந்து ஊன்றியது. அந்தக் கை லேசாகக் கோணியிருப்பது வேல்முனையிலேயே தெரிந்தது. "அண்ணே" என்றான் நுரையன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ செத்துட்டேன்னு ஆத்தா அமாவாசைக்கு அமாவாசை கடல்ல சோறு விடுதா. நீ என்னன்னா இங்க கொழுத்துப் போய் நிக்க. குத்தட்டா?"

"குத்துனா குத்து. கொஞ்சம் பொறுத்துக் குத்து."

மேட்டிலிருந்து நாட்டாமை கத்தினார், "விலகுலே! கல்லு உம்மேல விழும்!"

"விழாது நாட்டாமை. நீங்க எறியமாட்டீய. என் உப்பைத் தின்னு எத்தனை மண்டலம் ஆச்சுன்னு எண்ணிப் பாருங்க. நான் யாரு முன்னால நிக்கேன்னும் பாருங்க."

கல் பிடித்த கைகள் கல்லோடு நின்றன. "ஐயோ, பாவி நான்தானே காய்ச்சினேன்" என்று மாடத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அது நம்ம உப்புடா!" என்றார் நாட்டாமை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. "நம்ம பயல் தோள்ல வந்தது."

"தோள் உங்களது. தண்ணி இவங்க என்னைக் குளிப்பாட்டின தண்ணி. என் பிறந்த ஊருக்கு நேரத்தைச் சொல்லிட்டேன், ஒரு வீடு எரியல. இதுக்கு மேல எங்கிட்ட இருக்கிறது இந்த உடம்புதான்."

நாட்டாமைக்குத் தன் பாட்டனார் ஞாபகம் வந்திருக்கவேண்டும். தூக்கின கை தூக்கினபடியே நின்றது, இறக்கவும் முடியாமல், வீசவும் முடியாமல். நாற்பது வீட்டு அடுப்பும் ஒரே நாளில் இடிந்தால் யார் யாருக்கு நெருப்புக் கொடுப்பது? அப்போதுதான் கூட்டத்தில் ஒருத்தன் மெதுவாகச் சொன்னான்:

"மாசானம் திங்கலியே."

எல்லாத் தலையும் திரும்பியது. வருஷம் முழுக்கச் சப்புக்கூழ் குடித்தவன், ஊரிலேயே கட்டுப்படாத ஒரே கை, அதுவும் ஊரிலேயே குறி தப்பாத கை. ஒரு வளரி போதும். இவன் விழுந்தால் அப்புறம் யாரும் யார் முன்னாலும் நிற்கவில்லை, கட்டும் இல்லை. யாரும் அவனை எறி என்று சொல்லவில்லை. வழிவிட்டார்கள்.

மாசானம் வளரியை இடுப்பிலிருந்து உருவினான். எறியவில்லை. மேட்டிலிருந்து இறங்கினான். சேற்றில் ஒரு காலை ஊன்றி, மறு காலைப் பிடுங்கி, அவன் வந்த சத்தம் மட்டும்தான் ஆறு முழுக்கக் கேட்டது. கொம்பையாவின் முதுகில் இருந்த வேல்முனை எடுபட்டு, அவன் தோளுக்கு மேலாக, வருகிறவன் நெஞ்சைப் பார்த்து நீண்டது. "இன்னும் ஒரு எட்டு வச்சா குத்திருவேன்" என்றான் நுரையன். மாசானம் இன்னும் இரண்டு எட்டு வைத்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரு முழத் தூரத்தில் நின்றார்கள். கொம்பையா அண்ணன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தான். உதடு வெடித்திருந்தது, கண் குழிந்திருந்தது. உப்பில்லாமல் ஒரு வருஷம் உழுத முகம்.

"நான் போட்ட ஓட்டை" என்றான் மாசானம். அவன் பேசியது பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. "அதுல வாரதை எப்படிலே நான் திம்பேன்?"

கொம்பையா குனிந்து தன் தோளைப் பார்த்தான்.

மாசானம் வளரியைச் சேற்றில் போட்டான். வலது கை ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்தான், நிதானமாக, கோயிலுக்குள் போகிறவன் மாதிரி. அந்த விரலைத் தம்பியின் தோள் புண்ணுக்குள் விட்டு, அடியில் மிச்சமிருந்த ஈரத்தைத் தொட்டு எடுத்து, மேட்டில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நாக்கில் வைத்தான்.

முகத்தைச் சுளித்தான். ஒரு வருஷம் மறந்த ருசி அல்லவா.

"கரிக்கு" என்றான்.

ஒரு விரல் உப்பு எங்கே, ஒரு மண்டலம் எங்கே என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாட்டாமை தூக்கின கையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே மேட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த ஏற்றத்துக்கு இன்னும் பதினைந்து நாழிகை இருந்தது, அதுவரை படகு அசையாது. வெயில் ஏற ஏறத் தீவாருக்கு நாக்கு வறண்டது. கடைசியில் மாடத்தி, "பாத்துக்கிட்டே நிக்கச் சொல்லுதியளா?" என்று வைதுகொண்டே கூழ்ப்பானையைப் படகுக்கு இறக்கினாள். நுரையன் ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான்.

"இதுல உப்பு உண்டா?"

"உண்டு."

"இத ஒரு வாய் குடிச்சா இனிமே இந்த ஆத்துக்குள்ள வேலோட வர முடியாது, அப்படித்தானே அண்ணே?"

"அப்படித்தான்."

நுரையன் பின்னால் இருந்த பதினொரு படகையும் பார்த்தான், கையில் இருந்த கூழையும் பார்த்தான். "ஆத்தா என்னையக் கொல்லப் போறா" என்று சொல்லிவிட்டுக் குடித்தான். பானை அடுத்த படகுக்குப் போயிற்று.

சாயங்கால ஏற்றத்துக்குப் பனந்தடியைத் தூக்கிவிட்டார்கள். பன்னிரண்டு படகும் போயின. முதல் படகின் நொண்டல் ரொம்ப தூரம் வரைக்கும் கொம்பையாவின் தோளில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் போகவுமில்லை, போகமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. ஆற்றோரமே நின்று பார்த்துவிட்டு, இருட்டு விழும்போது வீட்டுக்கு வந்தான். மாசானம் ஏற்கெனவே இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பூனை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து படுத்தது.

உலகம்மாள் அன்று ராத்திரிக்கு ஒரே சட்டியில்தான் குழம்பு வைத்திருந்தாள்.